சுவடு தின்னும் மாப்பு

நாலு மாடி ஆஸ்பத்திரியில் பழைய நூல் மாப்பெல்லாம் குப்பைக்குப் போய், நீளக் கம்பும் தட்டைப் பலகையும் பலகைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும் நீலத் துணியுமாக மைக்ரோஃபைபர் மாப்பு வந்து இறங்கிய வருஷம்தான், அங்கே குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் ஒருவரும் திரும்பி வர முடியாமல் போனது. இதை முதலில் கவனித்தது டாக்டர்கள் இல்லை, வாசலில் இளநீர் வெட்டுகிறவர். தையல் பிரிக்க வந்தவர்களும் சர்க்கரை பார்க்க வந்தவர்களும் ஆட்டோவில் ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, இங்கன ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சே, இடிச்சிட்டாங்களா?" என்று அவரிடமே கேட்டார்கள்.

ஊர் இதற்கு மூக்கில் விரல் வைக்கவில்லை. காரணம் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். வெளியூர் கிளம்பியவர் தெருமுனை தாண்டுமுன் வீட்டைக் கூட்டக் கூடாது, தண்ணி விட்டுத் துடைக்கவே கூடாது, பிணம் எடுத்த வீட்டைத்தான் எடுத்த கையோடு கழுவி விடுவார்கள், போனது திரும்பி வரக் கூடாதென்று. ஆஸ்பத்திரியில் மட்டும் இந்த சாஸ்திரம் செல்லாது, அங்கே ஒரு நோயாளி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் அவர் லிஃப்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அறையைத் துடைத்தாக வேண்டும். நூல் மாப்பு இருந்தவரை அழுக்கைக் கரைத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளியதே தவிர எதையும் எடுத்ததில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை. புதுத் துணியோ எடுப்பதை விடாது. பழக்கிக் கொடுத்த சூப்பர்வைசர் ஞானராஜ் அன்றைக்கே சொல்லியிருந்தார், கண்ணுக்குத் தெரியாததையும் இது பிடித்துக்கொள்ளும் என்று. அவர் கிருமியை மனதில் வைத்துச் சொன்னார், துணி அதைக் காலடிச் சுவட்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டது, சுவடு போனவருக்குத் திரும்பி வரும் வழியும் போயிற்று.

இரண்டாம் மாடி வார்டைத் துடைத்தவள் செண்பகவல்லி. முதல் நாள் பக்கெட் தண்ணீரைத் தரையில் கொட்டப் போனவளை ஞானராஜ் தடுத்து, துணி ஈரமாக இருந்தால் போதும், தண்ணி கொட்டினால் அது மாப்பு இல்லை மழை என்று சொல்லி, கம்பைப் பிடித்து எட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார். எட்டுப் போட்டால் லைசென்ஸ் தருவீர்களா என்று கேட்ட அவள்தான், கொஞ்ச நாளில் அந்த வார்டில் யாரும் போட முடியாத எட்டைப் போட்டாள், கால்தடம் கண்ணில் பட்டால் கை தானாகவே கம்பைத் தேடும் அளவுக்கு.

விஷயம் பரவியதும் நோயாளிகள் சந்தோஷப்பட்டார்கள். ஆஸ்பத்திரியில் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது, 'போறேன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். இப்போது 'போறேன்' என்று சொல்லிவிட்டு, செண்பகத்தைக் கூப்பிட்டுத் தங்கள் குதிகாலுக்குப் பின்னாலேயே துடைக்கச் சொல்லி, அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் படி இறங்கினார்கள். திரும்ப வரவேண்டியவர்களை டாக்டர் எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், டீக்கடைக்காரரும் பிரஷர் கருவிக்கு ஒரு ஆணி அடித்துக் கொடுத்தார். ஒருமுறை மட்டும் துணி வெளுக்கிற இடத்தில் புதிதாக வந்த ஆள் பச்சைத் தண்ணீருக்குப் பதில் கொதிக்கிற தண்ணீரில் துணிகளைப் போட்டுவிட, அன்று மத்தியானத்துக்குள் அதுவரை டிஸ்சார்ஜ் ஆன அத்தனை பேரும் ஒரு நோயும் இல்லாமல் வந்து வராந்தாவில் நின்றார்கள். சும்மா இந்தப் பக்கம் வந்தோம், கால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது என்றார்கள். சுடுதண்ணீர் பட்டால் துணி தின்றதையெல்லாம் கக்கிவிடும், கக்கினால் எல்லோரையும்தான் கக்கும், ஒருத்தரை வைத்துக்கொண்டு ஒருத்தரை மட்டும் விடாது என்பதும் ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் செண்பகம் ஒரு துணியை மடித்து இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீடு என்றால் வாரியக் குடியிருப்பில் இரண்டாம் மாடி, ஒரு ஹாலும் ஒரு அறையும். ஆனால் பட்டா அவள் பெயரில் வந்தது, அதற்கு அவள் நடந்த நடைக்கு மதுரைக்கும் சென்னைக்கும் ரோடு போட்டிருக்கலாம். அந்த வீட்டில் அவள் நிம்மதியாக ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. புருஷன் குருவையா குடித்தால் அடிப்பான், குடிக்காத நாளில் குடிக்காததற்காக அடிப்பான். மகள் முத்தரசிக்குச் சாத்தூரில் கல்யாணம் முடித்துக் கொடுக்கிறவரை பொறுத்தாயிற்று. மகள் போன பிறகு எதற்குப் பொறுக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு காலையில் அவன் சோற்றுத் தட்டைச் சுவரில் வீசிவிட்டுப் படி இறங்கினான். செண்பகம் துணியைப் பலகையில் ஒட்டி, அடுப்படியிலிருந்து வாசல்வரை, அவன் கால் பட்ட இடமெல்லாம் எட்டுப் போட்டுத் துடைத்தாள். அன்று பூராவும் படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தாள்.

அவன் வரவில்லை. தெருமுனையில் வாரியத்தின் பெயர்ப்பலகை மேலேயே சாய்ந்துகொண்டு, வாரிய வீடு எந்தப் பக்கம் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டான். அவர்களும் கைகாட்டினார்கள். காட்டிய பக்கம் நேராக நடந்து அடுத்த தெருவில் போய் வெளிப்பட்டு, மறுபடி பலகைக்கே வந்தான். ரெண்டு நாள் பரிதாபப்பட்ட தெரு, மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு கிழிந்த பாயும் டீக்கடையில் ஒரு கிளாசும் ஒதுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

எதிர்வீட்டு மரியபுஷ்பம்தான் முதலில் வந்து கேட்டாள். அவளுக்குப் பிளஸ் டூ படிக்கிற மகள். புருஷனின் அண்ணன் ஒருத்தன், சாப்பிட வருகிற சாக்கில் வந்து அந்தப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை புஷ்பத்துக்கு அடிவயிற்றில் கத்தி வைக்கும், சொன்னால் குடும்பம் உடையும். அவன் கைகழுவிக் கிளம்பியதும் புஷ்பம் துணியை வாங்கிப் போய்த் துடைத்தாள், அதோடு அவன் வாரியக் குடியிருப்பையே கண்டுபிடிக்க முடியாமல் போனான். பிறகு கீழ்வீட்டுக்காரி வாங்கினாள், பிறகு மேல்வீட்டுக்காரி. கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டு மாதிரி அந்தத் துணி பிளாக் முழுவதும் சுற்றி, பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசப்பட்டு, செண்பகத்தின் கொடிக்கே திரும்பி வந்தது. பிளாக்கில் சத்தம் குறைந்தது, பெண்கள் கதவைத் திறந்துபோட்டுச் சமைத்தார்கள்.

தவறு அப்போதுதான் நடந்தது, அதுவும் கை செய்த தவறு. மாசமாக இருந்த முத்தரசி ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயைப் பார்க்க வந்தாள். அயிரைமீன் குழம்பு கேட்டாள், சாப்பிட்டாள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஹாலில் நடந்தாள், சாயங்கால பஸ்ஸுக்கு "போய்ட்டு வாரேன்ம்மா" என்று கிளம்பினாள். செண்பகம் மகளின் பிரிவில் மனசு எங்கேயோ இருக்க, தரையில் ஈரச்சுவட்டைப் பார்த்தாள். பார்த்ததும் கை போய்க் கொடியிலிருந்த துணியை எடுத்தது, பலகையில் ஒட்டியது, எட்டுப் போட்டது. பலகை வாசல்நிலையில் போய் இடித்த சத்தத்தில்தான் மனசு திரும்பி வந்தது. படியில் உருண்டடித்து ஓடிப் பார்த்தாள், பஸ் போய்விட்டிருந்தது. சொந்த மகள் போன வாசலைப் பிணம் எடுத்த வீடு மாதிரித் துடைத்துவிட்டோமே என்று அந்த ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்தடுத்து மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், டீக்கடைக்கு வந்தாள், அங்கேயெல்லாம் தாயும் மகளும் பார்த்துக்கொள்ள முடிந்தது. வீட்டுக்குக் கூப்பிடாமல் செண்பகம் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். சாக்கெல்லாம் வளைகாப்பு வரைக்கும்தான். ஒன்பதாம் மாதம் வளையல் அடுக்கி, அஞ்சு வகைச் சோறும் கட்டி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட மாமியார் ஆட்டோவில் கூடவே வந்தாள். செண்பகம் பால்கனியில் நின்று பார்த்தாள், ஆட்டோ பிளாக்கைச் சுற்றி வந்தது, மறுபடி சுற்றியது. அவளுக்கு நேர் கீழே நின்று, முத்தரசி முகத்தைத் தூக்கி அவள் நிற்கிற பால்கனியையே பார்த்துக்கொண்டு போனில் அழுதாள்.

"யம்மா, எங்கம்மா இருக்க? பிளாக்கே காணலியே."

"ஒனக்கு நேரா மேலதான்ட்டி நிக்கேன். அசையாம நில்லு, வாரேன்."

இறங்கிப் போய் மகளின் கையை இறுகப் பிடித்து, ஒரு படி, இன்னொரு படி என்று ஏற்றினாள். முதல் திருப்பத்தில் கைக்குள் கை இல்லை. முத்தரசி தெருமுனைப் பலகையடியில், அப்பன் பாய்க்குப் பக்கத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாமியார் வாயைத் திறந்தாள். வளையல் போட்டு அனுப்பிய பிள்ளையைப் பிள்ளையோடுதான் திரும்ப எடுப்போம், அதுதான் முறை, தாய்வீட்டு வாசலே ஏற்காத பெண்ணை நாங்கள் மட்டும் எந்த வாசலில் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டு, சோற்றுப் பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டுச் சாத்தூர் பஸ் ஏறினாள். மருமகன் தறிக்குப் போன ஊரிலிருந்து போனில் ம் ம் என்றான். ஞானராஜ் தயவில் முத்தரசிக்கு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணைக்கு வருகிறவர்கள் படுக்கும் ஹாலில் ஒரு ஓரம் கிடைத்தது. இன்றைக்கோ நாளைக்கோ வலி எடுக்கிற பிள்ளை, இரும்பு நாற்காலி வரிசைக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தாள். பெற்றால் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் போக ஒரு வாசல் இல்லை.

அதைப் பார்த்துவிட்டு வந்த செண்பகம் நேரே அடுப்பில் பெரிய குண்டானை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். பிளாக்குக்கு மூக்கு உண்டு, வெறும் தண்ணீர் கொதிக்கிற வாடையும் அதற்குத் தெரிந்தது. ஒவ்வொருத்தியாக வந்து ஹாலில் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க யாருக்கும் மனசு வரவில்லை, தாய்வீட்டுக்கு வர வேண்டிய கர்ப்பிணி அல்லவா. ஆனால் யாரும் போகவும் இல்லை. குண்டானின் அடியில் குமிழி வர ஆரம்பித்தது. செண்பகம் துணியைக் கையில் எடுத்தாள்.

"நீ போடு செண்பகம், வேண்டாங்கல," என்றாள் புஷ்பம். "ஆனா போடுறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லு. நான் எம் பிள்ளையக் கூட்டிட்டு எங்கிட்டாவது போயிருதேன். அவன் வாரப்ப அவ இங்க இருக்க வேண்டாம்."

புஷ்பத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடச் சீருடையில் நின்றது. கீழே தெருமுனையில் குருவையா யாரிடமோ வாரிய வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த குரல் கேட்டது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. துணியின் நுனி குண்டானுக்கு மேலே தொங்குவதைப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகம் அடுப்பை அணைத்தாள். தன் மகளுக்குக் கதவு திறக்க இன்னொருத்தி மகளை நடுத்தெருவில் நிறுத்த அவளால் முடியவில்லை. முடியவில்லையே என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

மறுநாள் புஷ்பம் ஓடியாடி ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு அறை பிடித்தாள். செண்பகம் பாய், தலையணை, குழந்தைக்குக் கட்டத் தூளித்துணி எல்லாம் கொண்டுபோய் வைத்து, பால் காய்ச்சி, மகளை ஆட்டோவில் வரச் சொன்னாள். ஆட்டோ அந்தத் தெருவையும் சுற்றிச் சுற்றி வந்தது. வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்ட தாயைக் கடந்து போயிற்று, திரும்ப வந்தது, மறுபடியும் கடந்து போயிற்று. செண்பகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. துணி தின்றது வாரிய வீட்டுக்கு வருகிற வழியை இல்லை, தாய்வீட்டுக்கு வருகிற வழியை. அவள் எங்கே போய்ப் பால் காய்ச்சினாலும் அது தாய்வீடு, எந்தத் தாய்வீடும் இனி முத்தரசி கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் தனக்கு வீடு என்று ஒன்று இருக்கிறவரை மகளுக்கு வீடு இல்லை.

சாயங்காலம் ஆகுமுன் அவள் அந்த அறையில் பட்ட தன் காலடியை அதே துணியால் துடைத்துவிட்டு வாரிய வீட்டுக்கு வந்தாள். வந்து சாமி படத்தைப் பார்த்தாள், சுவரில் தட்டு பட்ட கறையைப் பார்த்தாள், அவள் பெயரில் வந்த மின்சார அட்டையைப் பார்த்தாள். மனசு விடவில்லை. இந்த வீட்டுக்காக அவள் கெஞ்சாத வாசல் இல்லை. ஆனாலும் துணியைப் பலகையில் ஒட்டினாள். மாப்புக்காரி எவளும் முன்னால் நடந்து துடைக்க மாட்டாள், கடைசி மூலையில் ஆரம்பித்து வாசலைப் பார்த்துப் பின்னால் நகர்ந்துகொண்டே வருவாள், தான் நின்ற இடத்தைத் தானே அழித்துக்கொண்டு. வார்டில் அப்படித் துடைக்கும்போது கடைசியில் நிற்கிற இடத்தின் சுவடு மட்டும் மிஞ்சும், அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுநாள் வேலைக்கு வந்தாள். இன்றைக்கு அதையும் விடக் கூடாது. அடுப்படியில் தொடங்கினாள். சமைத்து நின்ற காலடி போயிற்று, அடிவாங்கி ஒடுங்கிய மூலையின் காலடி போயிற்று, மகளுக்குத் தலை பின்னிவிட்ட இடத்தின் காலடி போயிற்று. ஹாலைத் தாண்டி, நிலையைத் தாண்டி, வெளியே நின்றுகொண்டு கையை நீட்டி நிலையில் மிஞ்சியிருந்த தன் கடைசி இரண்டு பாதங்களையும் துடைத்து எடுத்தாள். வராந்தாவில் நின்ற பெண்கள் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்கள்.

துணியைக் கழற்றிப் புஷ்பத்தின் கையில் கொடுத்து, இதற்குச் சுடுதண்ணி காட்டாதீங்க என்றாள். பிறகு, "போறேன்க்கா" என்றாள்.

திரும்பிப் பார்த்தபோது வரிசையாகக் கதவுகள் இருந்தன, எது தன்னுடையது என்று தெரியவில்லை. சாவி கையில் இருந்தது, அதை எந்தப் பூட்டுக்கென்று வாங்கினோம் என்பதும் மறந்துபோயிருந்தது. வெறும் கம்பும் பலகையுமாக இறங்கித் தெருவுக்கு வந்தவளை, மறுபடி வரச் சொல்லியிருந்தபடி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆட்டோவில் இருந்த முத்தரசி தூரத்திலேயே கண்டுகொண்டாள்.

புஷ்பம் பிடித்த அந்த வாடகை அறையின் சாவியைச் செண்பகம் இந்தத் தடவை தொடவில்லை. மகளையே வீட்டுக்காரரிடம் பேச வைத்து, மகளையே பூட்டைத் திறக்க வைத்து, வலது காலை எடுத்து வைத்து முதலில் நீ போ, இது உன் வீடு என்றாள். முத்தரசி உள்ளே போனாள். தடையே இல்லை, நேராகப் போய்ச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். செண்பகம் விருந்தாளி மாதிரி வெளியே நின்று, வரட்டுமா என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகு நுழைந்தாள்.

நுழைந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, வாசலில் நிழல் விழுந்தது. குருவையா நின்றிருந்தான். ஆட்டோ பின்னாலேயே வந்திருக்கிறான். பொண்டாட்டி வீட்டைக் காணாமல் அலைந்தவனுக்கு இந்த வீட்டைக் காண்பதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை, இது பொண்டாட்டி வீடே இல்லையே. இதைச் செண்பகம் யோசிக்கவே இல்லை. கை தானாகவே துணியைத் தேடி இடுப்புக்குப் போனது. துணி இல்லை, அது புஷ்பம் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. இருந்தாலும்தான் என்ன, முதலில் அவன் உள்ளே வர வேண்டும், அடிக்க வேண்டும், கிளம்பிப் போக வேண்டும், அதற்கப்புறம் அல்லவா துடைக்க முடியும். இத்தனை வருஷமும் அந்த வரிசையில்தான் எல்லாம் நடந்திருக்கிறது.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தூக்கினான்.

செண்பகம் கம்பை எடுத்து நிலைக்குக் குறுக்கே பிடித்தாள்.

"கால வைக்காதீங்க," என்றாள். அடிவாங்கிய காலத்திலும் அவனிடம் அவள் மரியாதையாகத்தான் பேசுவாள், இப்போதும் அது மாறவில்லை.

"எம் பொண்டாட்டி இருக்க வீட்டுக்குள்ள நான் வரக் கூடாதா?"

"இது ஒங்க பொண்டாட்டி வீடு இல்ல. எம் மக வீடு. அவ கூப்பிடல."

தூக்கின காலோடு அவன் மகளைப் பார்த்தான். முத்தரசி வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. எதிர்வீட்டில் ஒருத்தி வெளியே வந்து நின்றாள், பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். அந்தரத்தில் நின்ற கால் எவ்வளவு நேரம்தான் நிற்கும். அது நிலைக்கு இந்தப் பக்கம் வராமல், எடுத்த இடத்திலேயே இறங்கிச் செருப்பைத் தேடியது. அவன் தெருவில் இறங்கி நடந்தான், முனை திரும்புகிறவரை செண்பகம் கம்பை இறக்கவில்லை.

பிறகுதான் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முத்தரசி சுவரைப் பிடித்து எழுந்து வந்து, தாங்கள் நடந்து தெரு மண் அப்பிக் கிடந்த தரையைப் பார்த்தாள், பழைய சேலைத் துணியைக் கையில் எடுத்தாள்.

"யம்மா, அவரு திரும்ப வாரதுக்குள்ள தொடச்சிரலாமா?"

"எதத் தொடைக்க?" என்றாள் செண்பகம். "அவரு கால் வைக்கவே இல்லையேட்டி."